மலை ஏறிய ஆசிட் பாட்டில்

பழனியிலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ மலைப்பாதையில் ஏறிப் போய், முதல் முறையாகக் கொடைக்கானலில் குளிப்பவர்கள் பலரும் ஒரு குறை சொல்வார்கள்: “எத்தனை மக் தண்ணி ஊத்தினாலும் சோப்பு போகவே மாட்டேங்குது.” உடம்பு வழுவழுவென்றே இருக்கும். ஊரில் தேய்ப்பதில் பாதி தேய்த்தாலே நுரை பொங்கி வரும். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் பக்கத்து போர்த் தண்ணீரில் குளித்துப் பழகியவருக்கு இது சோப்பின் கோளாறாகத் தோன்றும். சோப்பு அதேதான். தண்ணீர்தான் வேறு.

அந்த மலையின் பழைய வீடுகளிலும் விடுதிகளிலும் குளியலறைகளைக் கவனித்தால் இன்னொன்றும் கண்ணில் படும். வடிகால் ஓட்டையைச் சுற்றி மொசைக் தரை சொரசொரத்துப் போயிருக்கும். டைல்ஸ் இடுக்குகளில் பூசிய சிமெண்ட் பாதி காணாமல் போயிருக்கும். குழாயின் பளபளப்பு உரிந்து உள்ளே இருக்கும் பித்தளை தெரியும். கேட்டால் குளிர் என்பார்கள், ஈரம் என்பார்கள், பழைய கட்டடம் என்பார்கள். ஆனால் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அடங்கிய ஆசிட் பாட்டில் நிற்கும். சேதத்தில் பெரும்பங்கு அந்தப் பாட்டிலுடையது. அந்த ஊரில் அதற்குச் செய்ய வேண்டிய வேலையே கிடையாது என்பதுதான் வருத்தம். ஏன் என்பதற்கான விடை, போகாத அந்தச் சோப்பில்தான் தொடங்குகிறது.

நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தால் அதைக் கடினநீர் என்கிறோம், குறைந்தால் மென்னீர். சோப்பு இந்த இரண்டு உலோகங்களோடும் சேர்ந்தால் கரையாத வெள்ளைப் படிவாகிவிடும். சமவெளியில் வாளியின் உள்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். குளிக்கும்போது தோலிலும் அது மெல்லியதாகப் படிகிறது. அந்தச் சொரசொரப்பைத்தான் ‘சோப்பு போய்விட்டது’ என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். மென்னீரில் படிவு உண்டாவதில்லை, எனவே வழுவழுப்பு நீடிக்கிறது.

ஸ்காட்லாந்தின் அபர்டீனைச் சேர்ந்த வேதியியலாளர் தாமஸ் கிளார்க் 1840-களில் இந்த நுரையையே அளவுகோலாக்கினார். புட்டியில் நீரை எடுத்து, சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக விட்டுக் குலுக்குவார். நுரை கலையாமல் நிற்க எவ்வளவு கரைசல் செலவாகிறதோ அந்த அளவுக்கு நீர் கடினமானது. வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். மலைத் தண்ணீர் ஒரு பாட்டில், ஊர்த் தண்ணீர் ஒரு பாட்டில். குளியல் சோப்பைச் சீவிக் கரைத்து இரண்டிலும் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஷாம்புவோ சலவைத்தூளோ கூடாது. அவை கடினநீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை.

கடினத்தன்மை லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மென்னீர், 180-ஐத் தாண்டினால் மிகவும் கடினநீர் என்பது பொதுவான கணக்கு. இந்தியக் குடிநீர்த் தரக் குறிப்பான ஐ.எஸ். 10500 (2012), 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது.

மலைநீர் மென்மையாக இருப்பதற்குக் காரணம் பாறை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் மழை பெய்து, சோலையிலும் புல்வெளியிலும் ஊறி, மனோரஞ்சிதம் அணை போன்ற நீர்த்தேக்கங்களுக்கு வந்து சேர்கிறது. வழியில் அது தொட்டு வரும் பாறை சார்னோகைட். இந்தப் பெயருக்கு நம் ஊர்த் தொடர்பு உண்டு. கல்கத்தாவின் தொடக்க வரலாற்றோடு சேர்ந்து பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், சென்னைப் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் அதற்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நிறைந்த கடும்பாறை அது. ஓடும் நீருக்கு அது கொடுக்கும் சுண்ணாம்பு மிகக் கொஞ்சம்.

கீழே நிலைமை வேறு. மழை குறைவு, வெயில் அதிகம். நீர் நெடுங்காலம் நிலத்தடியில் தங்குகிறது. மண்ணுக்குள் கிடக்கும் சுக்கான்கல்லைக் கரைக்கிறது. ஆவியாகி ஆவியாகிச் செறிவடைகிறது. வாட்டர் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கடினநீர் ஊரில் காயிலின் மேல் வெள்ளை ஓடு கட்டியிருக்கும். மென்னீர் ஊரில் காயில் வெறுமனே இருக்கும்.

சமவெளிக்காரர்கள் ‘உப்பு’ என்று சொல்லும் அந்த வெள்ளை ஓடு சமையல் உப்பு அல்ல. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அதனால்தான் சுண்ணாம்புக் கல்லை அந்த நீரால் கரைக்க முடிகிறது. குழாய் முனையில் சொட்டு காயும்போதும், ஹீட்டரில் சூடாகும்போதும் அந்த வாயு வெளியேறிவிடுகிறது. கரைந்த கல் மீண்டும் கல்லாகப் படிகிறது.

அமிலம் பட்டால் இந்தப் படிவு நுரைத்துக் கரையும். ஏன் நுரைக்கிறது என்பதை ஜோசப் பிளாக் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் 1756-இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவுபடுத்தினார். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் எடை குறைகிறது. அதே கல்லில் அமிலம் விட்டால் வாயு வருகிறது. கல்லுக்குள் ‘நிலைத்திருந்த’ காற்றே இரண்டு வழியிலும் வெளியேறுகிறது என்று எடை போட்டுக் காட்டினார். அந்த வாயு சுண்ணாம்புத் தெளிநீரைப் பால் நிறமாக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, உறிஞ்சுகுழலால் மூச்சை ஊதினாலும் இதைப் பார்க்கலாம் (ஊதினால் போதும், உறிஞ்சிவிடக் கூடாது). கரியமில வாயுதான் அது.

ஆகவே பழனியில் ஒருவர் குழாய் முனையின் வெள்ளை ஓட்டைப் போக்க அமிலத்தை நாடினால் அதில் வேதியியல் நியாயம் இருக்கிறது. வினிகரோ எலுமிச்சைச் சாறோ அந்த வேலைக்குப் போதும் என்றாலும், ஆசிட் குறைந்தபட்சம் சரியான எதிரியைத் தாக்குகிறது. சிக்கல், அது அங்கேயே நிற்காது என்பதுதான். மொசைக் தரை என்பது சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் பதித்துத் தேய்த்தது. சலவைக்கல் முழுக்கக் கால்சியம் கார்பனேட். சிமெண்டிலும் சுண்ணாம்பு நிறைய. கறை எதனால் ஆனதோ அதனாலேயே தரையும் ஆனது. மெழுகு பொம்மையின் மேல் சிந்திய மெழுகைத் தீயில் காட்டி எடுப்பது போன்ற வேலை இது: சிந்தியதும் போகும், பொம்மையின் மூக்கும் போகும்.

இதில் பலர் ஏமாறுவது கடப்பாக் கல்லில். கறுப்பாக, உறுதியாக இருப்பதால் கிரானைட்டின் தம்பி என்று நினைத்துவிடுகிறார்கள். அது சுண்ணாம்புப் பாறை. ராஜஸ்தானின் கோட்டா கல்லும் அப்படியே. அடுப்பு மேடையின் கடப்பாக் கல்லில் புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ சிந்தி, துடைத்த பிறகும் வெளிறிய வட்டம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது படிந்த கறை அல்ல. கல்லின் மேல்தோல் கரைந்துபோன இடம். சிவப்பு ஆக்சைடு தரையும் சிமெண்டும் இரும்பு ஆக்சைடும் கலந்ததுதான். ஆசிட் இரண்டையும் கரைக்கும். கிரானைட்டும், மெருகேற்றிய டைல்ஸின் கண்ணாடிப் பூச்சும் இந்த அமிலத்தைப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் டைல்ஸ் தாங்கினாலும் அதன் இடுக்குச் சிமெண்ட் தாங்காது. இடுக்கு கரைந்தால் நீர் அடியில் இறங்கும், டைல்ஸ் தட்டினால் டொக்டொக்கென்று சத்தம் வரும், பிறகு பெயரும்.

கறையா, அரிப்பா என்று பிரித்தறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வெளிறிய இடத்தில் தண்ணீர் தடவுங்கள். ஈரமாக இருக்கும்போது பளபளப்பு திரும்பி, காய்ந்ததும் மீண்டும் வெளுத்தால் பெரும்பாலும் அது அரிப்பு. மேற்பரப்பில் உண்டான நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன; நீர் அவற்றை நிரப்பியிருக்கும்வரை அது தெரிவதில்லை. அரிப்பைக் கழுவி எடுக்க முடியாது. இழந்த கல்லைத் தருகிற திரவம் எந்தக் கடையிலும் இல்லை.

அமிலம் எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்ல, டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் 1909-இல் பி.எச். அளவை வகுத்தார். 7 நடுநிலை, கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போகக் காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை மறக்கக் கூடாது. எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. கழிவறைத் திரவங்களில் பலவற்றின் லேபிளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 சதவீதம் அளவில் இருப்பதாக அச்சிட்டிருக்கும், அதன் பி.எச். ஒன்றுக்கும் கீழே. பிளீச் திரவம் எதிர்ப்பக்கம், 11-க்கு மேலே. பாட்டிலில் உள்ளது எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் செம்பருத்தி இதழைக் கொதிநீரில் ஊறவைத்த சாறு சொல்லும்: அமிலத்தில் சிவக்கும், காரத்தில் பச்சையாகும். மஞ்சள் காரத்தில் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவது அதனால்தான். பிளீச் இந்த நிறங்களையே சற்று நேரத்தில் வெளுத்துவிடும் என்பதால், முதலில் தோன்றும் நிறத்தைக் கவனிக்க வேண்டும்.

இனி மலைக்கு வருவோம். மென்னீர் ஊரில் குழாய்நீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்புப் படிவு அற்பம். அப்படியானால் கொடைக்கானல் குளியலறைச் சுவரில் இருக்கும் கறை என்ன?

பெரும்பாலும் பூஞ்சை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 8 டிகிரி அளவுக்கு இறங்கும் ஊர் அது. சுவர் சில்லிட்டிருக்கிறது, உள்ளே வெந்நீர்க் குளியல். ஆவி சுவரில் பட்டு நீராகிறது. வெளியே மேகமே சன்னலில் வந்து நிற்கும்போது அந்த ஈரம் எங்கே போகும்? குளிருக்குப் பயந்து சன்னலைத் திறப்பதும் இல்லை. சோப்புப் படலமும் உதிர்ந்த தோல்செதிளும் பூஞ்சைக்கு உணவு. இடுக்குச் சிமெண்டின் நுண்துளைகள் அதற்கு வீடு.

பூஞ்சையின் கறுப்பு நிறம் மெலனின் வகை நிறமி. அமிலத்தில் அது கரையாது. பின் ஏன் ஆசிட் ஊற்றினால் சுவர் வெளுக்கிறது? பூஞ்சை ஒட்டியிருந்த சிமெண்டின் மேல்தோல் கரைந்து, அதோடு சேர்ந்து பூஞ்சையும் கழன்று வருகிறது. வெள்ளையாகத் தெரிவது சுத்தம் அல்ல, புதிதாக உரிந்த சிமெண்ட். அந்தப் புதுப் பரப்பு முன்னைவிடச் சொரசொரப்பு, முன்னைவிட நுண்துளை அதிகம், ஈரத்தை முன்னைவிட அதிக நேரம் பிடித்துவைக்கும். பூஞ்சை முன்னைவிட வேகமாகத் திரும்பும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் ஆசிட். குளிரில் வேதிவினைகள் மெதுவாக நடக்கும் என்பதால், ‘வேலை செய்யவில்லை’ என்று இன்னும் ஒரு மூடி. இந்தச் சுழலில்தான் மலை வீடுகளின் இடுக்குச் சிமெண்ட் காணாமல் போகிறது.

மற்றக் கறைகளுக்கும் அமிலம் தேவைப்படுவது அபூர்வம். பித்தளைக் குழாய்க்குக் கீழே நீலப்பச்சைத் தடம் தெரிந்தால், மென்னீர் செம்பைச் சிறுகச் சிறுகக் கரைக்கிறது என்று பொருள். செங்காவி நிறம் பழைய இரும்புக் குழாயின் துரு. சுவரின் அடியில் பூக்கும் வெள்ளைப் பொருக்கு மட்டும் பார்ப்பதற்குச் சமவெளி ‘உப்பு’ போலவே இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது சுவருக்குள் ஊறிய நீர் சிமெண்டிலிருந்து எடுத்துவந்த சுண்ணாம்பு. மென்னீருக்கு வெளியிலிருந்து வந்த சுண்ணாம்பு போதாது என்பதால் சிமெண்டிலிருந்தே அதை உறிஞ்சிக்கொள்ளும் குணம் உண்டு. அங்கே அடைக்க வேண்டியது ஒழுக்கை. ஆசிட் ஊற்றினால் நீர் மெதுவாகச் செய்துகொண்டிருந்ததை நாம் வேகமாகச் செய்து முடிக்கிறோம்.

குழாயும் தாழ்ப்பாளும் கெடும் விதம் தனி. துருப்பிடிக்காத எஃகு என்பது தன்மேல் குரோமியம் ஆக்சைடின் மிக மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொண்டிருக்கும் எஃகு. அந்தப் படலத்தைத் துளைப்பதில் ஆசிட்டில் உள்ள குளோரைடு கெட்டிக்காரத்தனம் காட்டும். ஊசிமுனைக் குழிகள் விழும். ஆசிட் நேரே படக்கூட வேண்டாம். மூடி சரியாக மூடாத பாட்டிலிலிருந்து கசியும் ஆவியே காற்றோட்டம் இல்லாத அறையில் தாழ்ப்பாளையும் ஆணியையும் அரித்துவிடும். குழாயின் குரோமியப் பூச்சை ஹைட்ரோகுளோரிக் அமிலம் நேரடியாகவே கரைக்கும்.

தரையும் குழாயும் போனால் மாற்றலாம். மூச்சு அப்படி அல்ல. ஆசிட்டில் போகாத கறுப்பைப் போக்க, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது பலரிடம் உள்ள பழக்கம். ஸ்வீடனின் கார்ல் ஷீலே 1774-இல் ஒரு மாங்கனீசுக் கனிமத்தின் மேல் இதே அமிலத்தை ஊற்றியபோதுதான் குளோரின் வாயுவை முதன்முதலில் பிரித்தெடுத்தார். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தாலும் அதே வாயு வரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரஸ் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். ஜப்பானில் 1980-களின் இறுதியில் வீட்டுக் குளியலறைகளில் இப்படி உயிரிழப்புகள் நேர்ந்த பிறகே, ‘கலக்காதீர், ஆபத்து’ என்ற எச்சரிக்கை புட்டிகளில் பெரிய எழுத்தில் ஏறியது. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தரையாகத் தேங்கும். நம் ஊரில் குளியலறை கழுவுகிறவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தைத் தரைக்கு அருகில் வைத்துத் தேய்க்கிறார். மலையில் குளிருக்காகச் சன்னலும் மூடியிருக்கும்.

நெடி தொண்டையைப் பிடித்தால் கழுவி முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்கக் கூடாது. உடனே வெளியேறிக் கதவைத் திறந்துவிட்டு நல்ல காற்றுக்குப் போக வேண்டும். இருமலோ மூச்சுத்திணறலோ நீடித்தால் மருத்துவமனை. கண்ணில் ஆசிட் தெறித்தால் கால்மணி நேரமாவது ஓடும் நீரில் இமையைத் திறந்து கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தரையில் ஏற்கெனவே ஆசிட் சிந்திவிட்டால் செய்ய வேண்டியது நிறையத் தண்ணீர் ஊற்றுவது, முதலில் அது மட்டும்தான். கழுவிய பிறகு ஆப்பசோடாவைத் தூவினால் மிச்சம் மீதி அமிலமும் அடங்கும். நுரை நின்றதும் மீண்டும் கழுவிவிடலாம். அமிலத்தை முறிக்கிறேன் என்று பிளீச்சைத் தொடவே கூடாது. அரித்துப்போன மொசைக் தரைக்குத் தீர்வு மெஷின் பாலிஷ். கரகரப்புக் கற்களால் படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் மேஸ்திரிகள் ஆக்சாலிக் அமிலம் போட்டுத் தேய்ப்பார்கள். இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும்: அமிலம் தரையைக் கெடுக்கும் என்றால் பாலிஷுக்கு ஏன் அமிலம்? ஹைட்ரோகுளோரிக் அமிலம் கல்லோடு சேர்ந்து உண்டாக்கும் கால்சியம் குளோரைடு நீரில் சட்டெனக் கரைந்து ஓடிவிடும். மீண்டும் மீண்டும் புதுக்கல் வெளிப்படும். ஆக்சாலிக் அமிலம் உண்டாக்கும் கால்சியம் ஆக்சலேட் கரையாது. அது மெல்லிய தோலாக மேலே தங்கி, அடியில் உள்ள கல்லைக் காக்கிறது. ஆக்சாலிக் அமிலமும் நச்சுதான் என்பதால், அதை வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது. இடுக்குச் சிமெண்ட் போயிருந்தால் சுரண்டிவிட்டு எபாக்சி கிரவுட் நிரப்பலாம். அது அமிலத்துக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இடம் கொடாது.

பூஞ்சைக்கு உண்மையான மருந்து உலர்த்துவது. குளித்ததும் வைப்பரால் சுவரையும் தரையையும் வழித்துவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனை அரைமணி நேரம் ஓடவிடுங்கள். வெயில் வரும் நாளில் குளிர் பார்க்காமல் சன்னலைத் திறந்து வையுங்கள். ஏற்கெனவே கறுத்த இடுக்குக்கு நீர்த்த பிளீச் போதும்: தனியாக, கையுறையோடு, சன்னல் திறந்து, பத்து நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவ வேண்டும். எஃகின் மேல் அதைத் தங்கவிடக் கூடாது. அன்றாட அழுக்குக்குச் சோப்புநீரும் பிரஷ்ஷுமே போதும். மென்னீரில் சோப்பு எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதைத்தான் குளிக்கும்போதே பார்த்தோமே. இன்னொன்று: செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் வாளி வாளியாக ஆசிட்டும் பிளீச்சும் இறங்கினால், கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் சாகும். மலையின் சாக்கடை மலையோடு நிற்பதும் இல்லை. பழனி மலையின் ஓடைகள் வடக்கே சண்முகநதி வழியாக அமராவதிக்கும், தெற்கே மஞ்சளாறு வழியாக வைகைக்கும் இறங்குகின்றன.

ஆசிட் விற்பனையை ஒழுங்குபடுத்தி உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. வாங்குபவரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழானவருக்கு விற்கக் கூடாது. ஆசிட் வீச்சைத் தடுப்பதற்காக வந்த உத்தரவு அது. குளியலறைக்கென்று வாங்குகிற பாட்டிலும் அதே திரவம்தான்.

கொடைக்கானலில் விடுதியும் வாடகைக் காட்டேஜும் நடத்துபவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மாதச் சாமான் பட்டியலிலிருந்து ஆசிட்டை அடித்துவிடுங்கள். அந்தப் பணத்தில் அறைக்கு ஒரு வைப்பரும், கழுவுகிறவர்களுக்கு ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். எந்தப் பாட்டிலோடு எதைச் சேர்க்கக் கூடாது என்பதை அவர்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அறை கழுவும் நேரத்தில் சன்னல் திறந்திருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள்.